லாரிகளுக்கு நடுவே நாலு புள்ளி

எனக்கு வயது எண்பத்து மூன்று. ஐந்து பெற்று நான்கை வளர்த்து ஆளாக்கினேன். பெண் இரண்டு, ஆண் இரண்டு. மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் சங்ககிரிப் பக்கம் எங்கள் ஊரில் டாங்கிப் படை நடத்தி, இன்ஜினியருக்குப் படித்த மகனைத் தோற்கடித்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது எண்பதுகளின் கடைசியில். எங்களுக்கு இரண்டு லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை என் வீட்டுக்காரரே ஓட்டுவார். அவர் நாக்பூர், பம்பாய் என்று போய்விட்டால் வீட்டில் இருந்து நடத்துகிறவள் நான். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எதற்கு டயர் தேய்ந்திருக்கிறது, எந்த டிரைவர் எந்த ஊரில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்குவான் என்பதெல்லாம் என் மண்டையில் இருக்கும். ஒரு காகிதத்தில் எழுதி வைத்ததில்லை.

பெரியவன் படித்துவிட்டுச் சேலத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் வேலைக்குப் போனான். சின்னவனுக்கு ஸ்டீயரிங் பிடித்த அளவுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. நம் லாரியையே ஓட்டுவான் என்று நினைத்திருந்தேன். அவன் ஒரு நாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய் டிரைவராகத் தேர்வாகி வந்து நின்றான். நான் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"துப்பாக்கி புடிக்கற வேலை இல்லம்மா. சண்டையெல்லாம் முன்னாடி நடக்கும். நாங்க பின்னாடி அரிசி மூட்டையும் குண்டுப் பொட்டியும் ஏத்திட்டு நிப்போம். அப்பா ஓட்டறதுக்கும் நான் ஓட்டறதுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது."

பின்னாடி என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவனை அனுப்பினேன். வடக்கே எல்லையில் மலைப்பக்கம் போட்டார்கள். அங்கே அவ்வப்போது இரண்டு பக்கமும் சுட்டுக்கொள்கிறார்கள் என்று ரேடியோவில் வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து விசாரிப்பார்கள். "அவன் பின்னாடிதான் இருக்கறான்" என்பேன். பதினைந்து நாளைக்கு ஒரு கடுதாசி தவறாமல் வரும். நன்றாகத் தூங்கினேன்.

பெரியவன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். இப்போது இருக்கிற மாதிரி இல்லை. எழுத்துப் பொத்தான் வைத்த பலகை ஒன்றுதான். அதை டி.வி. பெட்டியில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டால், கறிவேப்பிலையை எண்ணெயில் போட்ட மாதிரி பத்து நிமிடம் சத்தம் வரும். அப்புறம் ஆட்டம் வரும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலில் இருந்து சத்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலத்திலிருந்து ஒரு சிநேகிதன் வருவான். இரண்டு பேரும் அதற்கு முன்னால் உட்கார்ந்து யுத்தம் பண்ணுவார்கள். ஒரு வாரம் அந்தச் சிநேகிதனுக்கு அம்மை போட்டுவிட்டது. பெரியவன் கூண்டில் அடைத்த மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான்.

"அம்மா, செத்த நேரம் எதுத்தாப்பல உக்காரு. நீ ஒரு படை, நான் ஒரு படை."

"கடலை உரிக்கோணும்டா."

"உரிச்சுட்டே ஆடு. உங்கையையா கேக்கறேன்? உத்தரவு மட்டும் போடு."

"உத்தரவு போடறதா? அதைத்தான தெனமும் பண்ணீட்டிருக்கறேன்" என்று முறத்தோடு போய் உட்கார்ந்தேன்.

திரை முழுக்க ஆறு மூலை வைத்த கட்டங்கள். அவன் அதை விளக்கிச் சொல்ல ஆரம்பித்தான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது இடுக்குப் புள்ளிக் கோலம். ஒரு வரிசைப் புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வருகிற கோலம். ஒரு புள்ளியில் நின்றால் சுற்றி ஆறு புள்ளிக்குப் போகலாம். அந்த ஆறு பக்கத்துக்கும் ஒன்றில் இருந்து ஆறு வரை எண். எண் எனக்குத் தெரியும். சின்னப் பெட்டிக்கு மூக்கு வைத்திருந்தால் டாங்கி, கூட்டல் குறி போட்டிருந்தால் ஆட்கள், பெட்டிக்குக் கீழே இரண்டு பொட்டு இருந்தால் லாரி. வலைபோட்ட மாதிரி இருப்பது குன்று. இவ்வளவுதான். பாதி முறம் கடலை உரிப்பதற்குள் பழகிவிட்டது.

நான் உத்தரவு போடும்போது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். அவன் போடும்போது நான். இரண்டு பேரும் முடித்த பிறகு மிஷின் இரண்டு படையையும் ஒரே நேரத்தில் நகர்த்தும். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நம் ஆள் கண்ணுக்குப் பட்டால்தான் திரையில் தெரியும். இன்னொன்றும் இருந்தது, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறைய அடி விழுந்தால் ஆட்கள் பயந்துவிடுவார்கள். அப்புறம் நாம் என்ன பொத்தானை அழுத்தினாலும் அசைய மாட்டார்கள்.

"மிஷின் கெட்டுப் போச்சாடா?"

"இல்லம்மா. பயந்துட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நீ சொல்றது கேக்கும்."

இதைச் செய்தவன் மனுஷனைத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாங்கிகளை முன்னால் அனுப்பினேன். எனக்கு நாலு லாரி கொடுத்திருந்தார்கள். குண்டு தீர்ந்துபோன டாங்கிக்குப் பக்கத்தில் லாரி போய் நின்றால்தான் மறுபடி சுட முடியும். நாலையும் குன்றுக்குப் பின்னால், ரோட்டோரம், ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிறுத்தினேன். லோடுக்குக் காத்திருக்கும்போது எங்கள் ஊரில் அப்படித்தான் நிறுத்துவார்கள். பின்னாடிதானே இருக்கிறது என்று அதன் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவன் என் டாங்கிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐந்தாம் சுற்றில் எங்கிருந்தோ அவன் பீரங்கி சுட்டது. குன்றைத் தாண்டி வந்து விழுந்தது. ஒரு லாரிப் பெட்டி மறைந்தது. ஒட்டி நின்ற அடுத்தது, அதற்கடுத்தது. பின்னால் நின்ற நாலாவது பயந்து அசையாமல் நின்று, அடுத்த சுற்றில் அதுவும் போனது. முன்னால் என் டாங்கி ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் சுட ஒன்றும் இல்லாமல் பொம்மை மாதிரி நின்றன.

"ஏன்டா, சண்டை போடறவன் முன்னாடி நிக்கறான். பின்னாடி நிக்கற லாரியை எதுக்கு அடிச்ச?"

அவன் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தான். "டாங்கியை அடிச்சா ஒருத்தன் போவான். லாரியை அடிச்சா அத்தனை பேரும் நின்னு போவாங்க. எவனா இருந்தாலும் மொதல்ல லாரியைத்தான்மா தேடுவான்."

என் கையில் இருந்த கடலை கையிலேயே இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் திரையைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது வெறும் ஆட்டம்மா" என்றான்.

"ம்" என்றேன். தொலியைப் புடைத்துவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்தேன். பின்னாடி என்ற சொல் அன்றோடு எனக்கு உதவாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு பெரியவன் அந்தப் பலகையை எடுக்கவே இல்லை. நானே துணியை விலக்கி, கேசட்டைப் போடு என்றேன். அவன் தயங்கினான். லாரி எப்படிப் பிழைக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு இடம் இல்லை. பட்டாளத்தில் போய் நான் யாரைக் கேட்பது?

நான்கு ஞாயிறு தோற்றேன். லாரியை இன்னும் பின்னால் தள்ளி வைத்தால் டாங்கிக்குக் குண்டு போய்ச் சேரவில்லை. முன்னால் கொண்டுபோனால் பார்த்துவிட்டான். மறைவாக இருக்கட்டும் என்று பாலத்துக்கு அடியில் நிறுத்தினால், பாலத்தைத்தான் முதலில் சுட்டான்.

"எப்படிடா தெரிஞ்சுது?"

"எல்லாரும் அங்கதானம்மா நிறுத்துவாங்க. நீ மட்டும் நிறுத்தமாட்டியா?"

அந்த நேரம் அவர் பம்பாய் டிரிப் முடித்து வந்திருந்தார். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏ புள்ள, ஆத்தாளும் மகனும் டி.வி. பொட்டியில என்ன கலக்கறீங்க?"

"உங்க மகன் என்னோட லாரியெல்லாம் கொளுத்தறானுங்க."

அவர் எழுந்து வந்து திரைக்கு முன்னால் குந்தினார். நான் லாரி நிறுத்தியிருந்ததைப் பார்த்தார்.

"தொப்பூர் மலை எறக்கத்துல இப்படித்தான் ஒட்டிக்கிட்டு எறங்குவாங்களா? முன்னாடி போறவனுக்குப் பிரேக் போச்சுன்னா நீ என்ன பண்ணுவ? எடம் உட்டு வா. லாரி ஊட்டுல இத்தனை வருசம் இருக்கற, இதுகூடத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. தெரியாமலா இருந்தேன்? எங்கள் டிரைவர்களுக்கு எத்தனை தடவை நானே சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குள் தெரிகிறதை யுத்தம் என்று நினைத்தேனே ஒழிய, ரோடு என்று நினைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நான் யுத்தம் பண்ணவில்லை. லாரி அனுப்பினேன். ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு புள்ளி இடம் விட்டேன். ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும். பாலத்துப் பக்கம் ஒன்றையும் விடவில்லை. நேர் ரோட்டை விட்டு ஓடை வழியாகச் சுற்றி அனுப்பினேன். எந்தப் புள்ளியிலும் இரண்டு சுற்றுக்கு மேல் நிற்கவில்லை. டாங்கியைத் தேடி லாரி போகவில்லை. பாதி வழியில் லாரி இருக்கிற இடத்துக்கு டாங்கியை வரச் சொன்னேன். பெரியவன் சுட்டான். ஒரு லாரி போயிற்று. மூன்று தப்பியது. அவன் குண்டு முதலில் தீர்ந்தது.

கடைசிச் சுற்றில் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தான். "திரும்புடா, பாரு" என்றேன். பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அப்பா, அம்மா ஜெயிச்சுட்டாங்க."

"பின்னே. நான் சொல்லிக் குடுத்ததல்லோ" என்றார் அவர் கட்டிலில் இருந்து.

சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைச் சின்னவனுக்குச் சொல்லியாக வேண்டுமே. வழக்கமாகக் கடுதாசி எழுத வேண்டுமென்றால் பெரியவனிடம் சொல்லி எழுதச் சொல்வேன். இதை அவனிடம் சொன்னால் சிரிப்பான். என் கையாலேயே எழுதலாம் என்று ஒரு நீல இன்லேண்ட் எடுத்து உட்கார்ந்தேன். நான் சொல்ல நினைத்ததை எழுத்துக் கூட்டி எழுதினால் பத்து இன்லேண்ட் ஆகும். அதனால் வரைந்தேன். தாள் முழுக்க இடுக்குப் புள்ளி வைத்தேன். குன்று, ரோடு, ஓடை, பாலம் போட்டேன். பாலத்துக்கு மேல் பெருக்கல் குறி. நாலு லாரி, நடுவே நாலு நாலு புள்ளி. எந்த வழி போவது என்று அம்புக்குறி. அடியில் மூன்று வரி: சாமி ஒட்டி நிக்காதே. பாலத்துக்கிட்டே நிக்காதே. பின்னாடிதானேன்னு இருக்காதே. ஒட்டி, முகவரியைப் பழைய கடுதாசி பார்த்து எழுதி, பஸ் நிற்கிற இடத்துப் பெட்டியில் நானே போட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெருமை பொறுக்காமல் பெரியவனிடம் சொன்னேன். அவன் தின்றுகொண்டிருந்த இட்லியைக் கீழே வைத்தான்.

"அம்மா, அங்க போற கடுதாசியெல்லாம் பிரிச்சுப் பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும். கெட்டதா எழுதியிருக்கறேன்?"

"பாலம், ரோடு, லாரி நிக்கற எடம், எந்த வழியா போறதுன்னு அம்புக்குறி. புள்ளி புள்ளியா வேற. பாக்கறவன் என்ன நெனைப்பான்? தம்பி பட்டாளத்து ரகசியத்த ஊட்டுக்கு எழுதிட்டான்னு புடிச்சு உள்ள வெச்சுட்டா?"

"கோலம்னு தெரியாதா அவங்களுக்கு?"

"வடக்கத்தி ஆபீசருக்கு என்னம்மா தெரியும்?"

அவனைக் காப்பாற்றத்தான் அனுப்பினேன். எதிரி குண்டுக்குப் பயந்து நம் ஆள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேனா?

அந்த வாரம் வரவேண்டிய கடுதாசி வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றரை மாதம் ஆயிற்று. தபால்காரர் சைக்கிள் பதினோரு மணிக்கு எங்கள் வீதியில் திரும்பும். நான் பத்தரைக்கே அடிபம்பில் குடத்தோடு நிற்பேன். கடுதாசி இருக்கிறதா என்று ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால், வரவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். சைக்கிள் போன பிறகு நிரம்பிய குடத்தையே மறுபடி அடித்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அது பட்டாளம், புள்ள. விசாரிக்காம ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார். ஆனால் அந்த மாதம் அவர் தொலைதூர டிரிப்புக்குப் போகவில்லை. பக்கத்து லோடாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். பெரியவன் பலகையைத் துணியில் சுற்றிக் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டான்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். முற்றத்தில் மஞ்சள் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் டிரங்குப் பெட்டியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். இளைத்துக் கறுத்து, உதடெல்லாம் வெடித்து, சின்னவன் நின்றான்.

"ஏம்மா, குடிக்கத் தண்ணி கெடைக்குமா இந்த ஊட்டுல?"

நான் கையில் இருந்த மஞ்சளைப் போட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். விலங்கு போட்ட தடம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

"உன்ன உட்டுட்டாங்களா சாமி?"

"லீவும்மா. ஒண்ணரை மாசம்."

தண்ணீர் கொடுத்து, சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்தேன். பெரியவனும் அவரும் வந்து நின்றார்கள். பெரியவன்தான் கேட்டான். "அம்மா கடுதாசி வந்துச்சாடா?"

சின்னவன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான்.

"வந்துச்சு. எனக்கு வரல, ஆபீசருக்கு வந்துச்சு. கூப்பிட்டாரு. மேசை மேல விரிச்சு வெச்சிருக்கறாரு. இது என்னன்னாரு. எங்கம்மா போட்ட கோலம் சார்னேன். கோலத்துல லாரி எதுக்குடா ஓடுதுன்னாரு. எங்கூட்டுல எல்லாத்துலயும் லாரி ஓடும் சார்னேன்."

என் வீட்டுக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பறம்?"

"நம்பல. மதுரைப் பக்கத்து சுபேதார் ஒருத்தர் இருக்கறாரு. அவரக் கூப்பிட்டாங்க. அவரு பாத்ததும் புள்ளிக் கோலம்தான்னுட்டாரு. கீழ இருக்கற மூணு வரிய படிச்சு இந்தியில சொன்னாரு. ஆபீசர் எந்திரிச்சுப் போயி ஜன்னல்ல பாத்தாரு. வெளிய எங்க வண்டி ஒம்பதும் மூக்கை ஒட்டிட்டு நிக்குது. குளுருக்கு அப்படி நிறுத்துனாத்தான் பீடி பத்த வெக்க, பேச, சௌரியம். எடம் உட்டுத்தான் நிறுத்தோணும்னு ஆர்டர் மொதல்ல இருந்தே இருக்குதும்மா. நாங்கதான் கேக்கறதில்ல. அரை மணி நேரம் அத்தன பேரையும் நிக்க வெச்சுத் திட்டுனாரு. ஊட்டுல அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கற அம்மாவுக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியலையான்னு."

"அடுப்புக்கிட்டன்னு யாரு சொன்னது? நான் டாங்கி நடத்துனேன்னு நீ சொல்லலையா?"

"எனக்கே இப்பத்தானம்மா தெரியுது."

"அப்பறம் ஏன்டா கடுதாசி போடல?" என்றார் அவர்.

"போட்டேனுங்கப்பா. பனியில பாதை அடைச்சுப் போச்சு. தபால் கீழ எறங்கல. நானே எறங்கறதுக்கு எட்டு நாள் காத்திருந்தேன்."

அப்புறம் தயிரை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். "நடுவுல ஒரு தடவை எங்க பக்கம் குண்டு உழுந்துச்சு. ஒரு வண்டிக்குக் கண்ணாடியும் டயரும் போச்சு. ஒரு வண்டிக்குத்தான்."

பெரியவன் என்னைப் பார்த்தான். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். ஒட்டி நின்றிருந்தால் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது பட்டாளத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அன்று எனக்கு வந்த நிம்மதி, ஐந்து பிரசவத்திலும் வந்ததில்லை. தெரிந்தவர்கள் கையில்தான் என் பிள்ளை இருக்கிறான். அவனைத் திட்டுவதற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

நாலு நாள் கழித்து, பனியில் மாட்டியிருந்த அவன் கடுதாசி மூன்றும் ஒன்றாக வந்தது. எழுதியவன் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இருந்தாலும் மூன்றையும் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்தேன். அந்த ஞாயிறு அண்ணனும் தம்பியும் ஆட்டம் போட்டார்கள். நிஜப் பட்டாளத்துக்காரன் எட்டாம் சுற்றில் நாலு லாரியையும் பறிகொடுத்தான். பாலத்துக்கு அடியில் நிறுத்தியிருந்தான்.

"மூணு வரிதானடா எழுதியிருந்தேன், அதையுங்கூட படிக்கலையா?" என்றேன்.

"அத ஆபீசர் திருப்பித் தரலம்மா. அவரே வெச்சுக்கிட்டாரு."

லீவு முடிந்து போனான். அதற்குப் பிறகும் பல வருடம் ஓட்டினான். போன மாதிரியே இரண்டு கை இரண்டு காலோடு திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, சொந்த லாரி வாங்கினான். இப்போது அவனுக்கே முடி நரைத்துவிட்டது. உள் அறையில் படுத்துக்கொண்டு ஃபேன் சத்தம் பத்தவில்லை என்று குறட்டை விடுகிறான்.

எனக்குக் கண் மங்கிவிட்டது. எழுதியது சரியா என்று பேரன்தான் படித்துச் சொல்ல வேண்டும். இங்கே வா சாமி, உங்க அப்பனைப் பத்தித்தான் எழுதியிருக்கறேன். மொதல்ல இருந்து படி. சத்தமாப் படி, அவன் எந்திரிச்சுக் கேக்கட்டும்.